மிளகின் பின்னால் போனால் வழி தெரியும்: பண்டைய வணிக வழிகளை இணையத்தில் காண்பது எப்படி

சென்னையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: "பட்டுப்பாதை, நறுமணப் பொருள் வழி என்று பண்டைய வணிக வழிகளைப் பற்றி நிறையக் கேள்விப்படுகிறேன். அந்த வழிகளில் வளர்ந்த கலையையும் பண்பாட்டையும் நேரில் சென்று பார்க்க வசதியில்லை. இணையத்தின் வழியாகவே முறையாக அறிந்துகொள்ள முடியுமா? தேடினால் ஆயிரம் படங்கள் வந்து விழுகின்றன. எங்கிருந்து தொடங்குவது, எதை நம்புவது?"

முடியும் என்பதே என் பதில். நேரில் சென்றவர்களுக்கும் வாய்க்காத சில காட்சிகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் வழியிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள். வரைபடத்தில் சீனாவிலிருந்து ரோம் வரை இழுக்கப்பட்டிருக்கும் அந்தச் சிவப்புக் கோடு பிற்காலத்தவர் வசதிக்காகப் போட்டது. 'பட்டுப்பாதை' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஃபெர்டினான்ட் ஃபான் ரிக்டோஃபன் என்ற ஜெர்மானியப் புவியியலாளர், ஆண்டு 1877. அந்த வழியில் ஒட்டகம் ஓட்டியவர் எவரும் அப்பெயரைக் கேட்டிருக்க மாட்டார். ஒரு பானை ஓடு, ஒரு கடன் பத்திரம், ஒரு துணித் துண்டு ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. அவை உண்மையாகவே பயணம் செய்தவை.

நம்மவர்கள் தங்கள் சாலைகளுக்கு வைத்த பெயர் 'பெருவழி'. கோயம்புத்தூர் அருகே சுண்டக்காமுத்தூரில் 'இராசகேசரிப் பெருவழி' என்று பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தருமபுரி வட்டாரத்தில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் காதக் கல் ஒன்று, அதியமான் பெருவழியில் நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று சொல்கிறது. அந்தக் கல்லின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தொலைவை எழுத்திலும் எண்ணிலும் பொறித்ததோடு நில்லாமல், இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் தோண்டி வைத்திருக்கிறார்கள். படிக்கத் தெரியாத வண்டிக்காரர் விரலால் தடவிப் பார்த்தே இன்னும் எத்தனை காதம் என்று அறிந்துகொண்டிருப்பார். தாவளம் என்பது வணிகச் சாத்து இறங்கித் தங்கும் இடம். வணிக வழியின் பண்பாடு என்று நீங்கள் தேடுவது இப்படிப்பட்ட ஒரு குழியிலும் இருக்கிறது.

சரி, எந்தப் பொருளை எடுத்துக்கொள்வது? நான் உங்களுக்குச் சொல்வது மிளகு. யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் சேரர் துறைமுகமான முசிறியைப் பற்றிய அகநானூற்றுப் பாட்டைப் பள்ளியில் நீங்களே நடத்தியிருப்பீர்கள். அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று ஆவணங்களைத் தேடிப் பாருங்கள்.

முதலாவது, ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள கிரேக்கக் கையெழுத்துச் சுவடி. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து நம் கரைக்குக் கடலோடிய வணிகருக்காக எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற கையேட்டின் 10ஆம் நூற்றாண்டுப் படி அது. நூலகம் ஏடு ஏடாகப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கிரேக்கம் தெரியாவிட்டாலும் ஆங்கில மொழிபெயர்ப்பை அருகில் திறந்து வைத்துக்கொண்டு முசிறி வரும் பத்தியை அடையாளம் காண முயலுங்கள். சோழமண்டலக் கரையின் கமரா, பொதுகே, சோபத்மா என்ற மூன்று துறைகளையும் அது சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினம், புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு, மரக்காணம் என்று அவற்றை அறிஞர்கள் பெரும்பாலும் அடையாளம் காண்கிறார்கள். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் கடந்துபோகும் மரக்காணம்தான் அது.

இரண்டாவது, வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகம் காத்துவரும் பியூட்டிங்கர் வரைபடம். ரோமானியச் சாலைகளைக் காட்டும் மூலத்திலிருந்து 13ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட படி. ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளமான தோல் சுருள். முழுச் சுருளையும் இணையத்தில் உருட்டிப் பார்க்கலாம். அதன் கிழக்குக் கோடிக்கு வந்தால் முசிறியின் பெயரும், அதன் அருகே அகஸ்டஸ் பேரரசருக்கு ஒரு கோயில் என்ற குறிப்பும் தெரியும். அந்தக் கோயில் உண்மையில் அங்கே இருந்ததா என்பது இன்றும் விவாதத்தில் இருப்பது. இருந்திருந்தால், கொண்டுவந்த பொன்னை எண்ணிவிட்டு திரும்பும் பருவக்காற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருந்த ஒரு குடியிருப்பையே நாம் கற்பனை செய்ய வேண்டியிருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதே வியன்னா நூலகத்தில் உள்ள முசிறிப் பாப்பிரஸ், கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 1985இல் பதிப்பிக்கப்பட்டது. ஓரங்கள் கிழிந்த ஒரு நாணல் தாள்தான். முன்பக்கத்தில் முசிறி வணிகத்துக்கான கடன் தொடர்பான ஒப்பந்தம் இருக்கிறது. கடன் வாங்கியவர் சொல்வதைக் கேளுங்கள்: செங்கடல் துறையில் சரக்கு இறங்கியதும் நம்பகமான ஒட்டகக்காரரிடம் ஒப்படைத்து, காவலோடு கோப்டோஸ் வரை கொண்டு சென்று, அங்கிருந்து நைல் ஆற்றில் அலெக்சாந்திரியாவுக்கு அனுப்பி, சுங்கப் பண்டசாலையில் உமது முத்திரையின் கீழ் வைப்பேன் என்கிறார். பின்பக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு. கங்கைக் கரையின் சடாமாஞ்சி என்ற நறுமண வேர் 60 பெட்டிகள், பிறகு யானைத் தந்தம். சரக்கின் மதிப்பில் நான்கில் ஒரு பங்கு வரியாகவே போய்விடுகிறது. பட்டினப்பாலையில் புகார்த் துறையின் உல்கு, அதாவது சுங்கம் வாங்குவோர் மூட்டைகளில் புலிப்பொறி ஒற்றிய காட்சியோடு இந்தப் பத்திரத்தைச் சேர்த்துப் படித்தால், கடலின் இரு கரையிலும் ஒரே கவலை, ஒரே முத்திரை என்பது புரியும். மாணவர்களுக்கு இந்த இரண்டையும் ஒரே வகுப்பில் காட்டலாம்.

மிளகு போய்ச் சேர்ந்த இடத்தையும் பார்த்துவிடுங்கள். எகிப்தின் செங்கடல் கரையில் உள்ள பெரெனிகே துறையில், செராபிஸ் கோயில் முற்றத்தில் புதைந்திருந்த ஒரு பெரிய சாடியில் ஏழரைக் கிலோ கருமிளகு கிடைத்தது. அந்தச் சாடியே இந்தியாவில் வனைந்தது. அதே கரையில் இன்னும் வடக்கே குசைர் அல்-கதீமில் கிடைத்த பானை ஓட்டில் தமிழ்-பிராமி எழுத்தில் 'பானை உறி' என்ற பொருள்பட எழுதியிருக்கிறது. 'பானை ஒறி' என்பது ஓட்டில் உள்ள வடிவம். சென்னையில் வாழ்ந்து மறைந்த கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 2007இல் இதைப் படித்துச் சொன்னார். கயிற்றால் பின்னித் தொங்கவிடும் அதே உறிதான். கிருஷ்ண ஜெயந்திக்கு உறியடிக்கும் தெருக்களில் அந்தச் சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. அரசன் பெயரையோ தெய்வத்தின் பெயரையோ எழுதவில்லை. தன் பானையை எப்படித் தொங்கவிடுவது என்ற அளவில் ஒரு தமிழர் அந்தப் பாலைத் துறையில் வாழ்ந்திருக்கிறார். இந்த ஓட்டின் படத்தை முதலில் பார்த்த அன்று நான் வேறு எதையும் படிக்கவில்லை.

இனி நிலவழிக்கு வருவோம். இங்கே இணையம் தந்திருக்கும் பெருங்கொடை துன்ஹுவாங். சீனாவின் பாலை ஓரத்தில் உள்ள மோகாவ் குகைகளில் 1900இல் வாங் யுவான்லு என்ற தாவோயத் துறவி ஓர் அடைபட்ட அறையைக் கண்டுபிடித்தார். உள்ளே பல்லாயிரம் சுவடிகள். 1907இல் ஆரல் ஸ்டைன், 1908இல் பால் பெலியோ என்ற ஐரோப்பிய ஆய்வாளர்கள் வந்து அவற்றில் பெரும்பகுதியை வாங்கிச் சென்றார்கள். அதனால் ஒரே அறையின் சுவடிகள் லண்டன், பாரிஸ், பெய்ஜிங் என்று சிதறின. ஸ்டைன் சேகரித்த கலைப்பொருள்களில் ஒரு பங்கு புதுடெல்லி தேசிய அருங்காட்சியகத்திலும் உள்ளது. 1994இல் பிரித்தானிய நூலகத்தை மையமாகக் கொண்டு தொடங்கிய பன்னாட்டுத் துன்ஹுவாங் திட்டம் இந்தச் சிதறலை இணையத்தில் மறுபடி ஒன்றுசேர்த்து வருகிறது. கி.பி. 868 என்று நாள் குறித்த வச்சிரச் சூத்திரம் என்ற பௌத்த நூலின் அச்சுச் சுருளை அங்கே பார்க்கலாம். குகைகளுக்குள் நுழைய விரும்பினால், துன்ஹுவாங் ஆய்வகம் 2016இல் திறந்த 'எண்ணிமத் துன்ஹுவாங்' தளத்துக்குச் செல்லுங்கள். முப்பது குகைகளோடு தொடங்கிய தளம் அது. நேரில் போகிறவர்கள் மங்கிய வெளிச்சத்தில் சில நிமிடமே நிற்க முடிகிற சுவர்களை நீங்கள் அரைநாள் பார்த்திருக்கலாம். 45ஆம் குகையின் தெற்குச் சுவரில் வணிகர்கள் மலை வழியில் கொள்ளையரிடம் சிக்கிய காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. கூப்பிய கைகள், கீழே இறக்கி வைத்த மூட்டைகள், வாளேந்தி நிற்பவர்கள். ஆறலை கள்வர் என்று நம் பாலைத்திணைப் பாட்டுகள் சொன்னவர்களை அங்கே வண்ணத்தில் காணலாம்.

பாலைத்திணை என்று சொன்னதால் ஒரு கடிதத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். துன்ஹுவாங்குக்கு மேற்கே ஒரு காவற்கோபுர இடிபாட்டில் ஸ்டைன் 1907இல் எடுத்த சொக்டியக் கடிதங்கள் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. சொக்டியர்கள் இன்றைய உஸ்பெகிஸ்தானின் சமர்கந்துப் பகுதியிலிருந்து சீனம் வரை வணிகம் செய்த மக்கள். இவற்றில் இரண்டு கடிதங்கள் மிவ்னாய் என்ற பெண்ணுடையவை. ஒன்று தாய்க்கு, மற்றொன்று கணவன் நனைதத்துக்கு. பொருளுக்காகப் பிரிந்து போன கணவன் திரும்பவில்லை, மகளோடு அவள் துன்ஹுவாங்கில் மூன்று ஆண்டுகளாகச் சிக்கியிருக்கிறாள், ஊர் திரும்ப ஒவ்வொருவரிடமும் உதவி கேட்டுப் பார்த்துவிட்டாள், கையில் காசில்லை. உனக்கு மனைவியாக இருப்பதைவிட ஒரு நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாக இருந்திருப்பேன் என்று எழுதுகிறாள். கடிதம் போய்ச் சேரவே இல்லை. பொருள்வயிற் பிரிவைக் குறித்து நம்மிடம் நூற்றுக்கணக்கான பாட்டுகள் உண்டு. அவற்றில் தலைவி பொறுத்திருப்பாள், பசலை பூப்பாள், தோழி தேற்றுவாள். மிவ்னாய்க்குத் தோழி இல்லை. அவள் கடிதத்தின் படத்தையும், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் 'சில்க் ரோட் சியாட்டில்' தளத்தில் உள்ள ஆங்கில மொழிபெயர்ப்பையும் ஒருசேரத் திறந்து படியுங்கள். வணிக வழியின் பண்பாடு என்பதில் வீட்டில் விடப்பட்டவர்களும் அடக்கம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணத்தை நான் கண்டதில்லை.

துணிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில், எகிப்தில் கிடைத்த இந்திய அச்சுப் பருத்தித் துணித் துண்டுகள் ஏறத்தாழ 1,200 உள்ளன. நியூபெரி தொகுப்பு என்பது அதன் பெயர். பெரும்பாலும் குஜராத்தில் அச்சிட்டவை. படத்தைப் பெரிதாக்கினால் அவுரி நீலம் பிடிக்காமல் விட்ட இடங்களும், கிழிசலைத் தைத்த இழைகளும் தெரியும். சோழமண்டலக் கலம்காரித் துணிகளுக்கு லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத் தளத்தைத் தேடுங்கள். அவை காலத்தால் மிகவும் பிந்தியவை, ஆயினும் கை வேலையின் தொடர்ச்சி அங்கே தெரியும். இடைக்கால வணிகரின் அன்றாடத்தை அறிய விரும்பினால் கெய்ரோ கெனிசா என்ற யூதர்களின் பழந்தாள் குவியல் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கெனிசா தளத்தில் தேட முடியும். 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் பல்லாண்டு தங்கிய ஆபிரகாம் பென் யிஜூவின் கடிதங்களும் அதில் அடங்கும்.

தேடும் முறையைப் பற்றி ஒரு சொல். அருங்காட்சியகத் தளங்களில் 'முசிறி' என்று தமிழில் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. ஆங்கில எழுத்தில் முசிரிஸ், கோரமண்டல், அராபியர் நம் கரைக்கு வைத்த பெயரான மாபார் என்று வெவ்வேறு பெயர்களில் தேட வேண்டும். ஒரு பொருளின் பக்கம் திறந்ததும் படத்தில் மயங்கி நின்றுவிடாமல் அதன் கீழே உள்ள விவரங்களைப் படியுங்கள். மண்ணிலிருந்து எடுத்த இடம் வேறு. அருங்காட்சியகம் விலைக்கு வாங்கிய இடம் வேறு. முன்னது எழுதப்பட்டிருந்தால் அந்தப் பொருள் வரலாற்றுக்குச் சாட்சி சொல்லும். பின்னது மட்டும் இருந்தால் அதன் அழகை மட்டும் சொல்லலாம், பயணத்தைச் சொல்ல முடியாது. பொம்பெயியில் 1938இல் கிடைத்த யானைத் தந்தப் பெண்ணுருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எரிமலை அந்த நகரைக் கி.பி. 79இல் மூடிவிட்டதால், அதற்கு முன்பே இந்தியக் கைவினை இத்தாலிய வீட்டுக்குள் இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. அதை 'பொம்பெயி இலட்சுமி' என்று அழைப்பது பழக்கமாகிவிட்டாலும் அது யட்சியாக இருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் பலர். பெயர்ப் பலகையை நம்புவதற்கு முன் கண்டெடுத்த இடத்தைப் பாருங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

வாட்ஸ்அப்பில் வரும் 'ஈராயிரம் ஆண்டுத் தமிழர் கப்பல்' போன்ற படங்களுக்கும் இதே அளவுகோல்தான். எந்த அருங்காட்சியகம், என்ன பதிவு எண் என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் வகுப்பறைக்குள் கொண்டு போகாதீர்கள். நம்மிடம் மெய்யான சான்றுகளே இவ்வளவு இருக்கும்போது பொய்யான ஒன்று நுழைந்தால் மெய்யானவற்றின் மீதும் ஐயம் விழும் என்பது எனக்கு உண்மையான கவலை. இன்னொன்று: நீங்கள் பார்த்த பொருளின் பதிவு எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலால் அதன் பல சேவைகள் நெடுநாள் முடங்கிக் கிடந்தன. முகவரிகள் மாறலாம், எண் மாறாது. படங்களை வகுப்பில் பயன்படுத்த நினைத்தால் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் காப்புரிமைத் தடையின்றித் திறந்துவிட்டிருக்கும் படங்களிலிருந்து தொடங்குவது எளிது.

திரையில் பார்த்ததை உறுதிப்படுத்த நம் ஊரிலேயே இடங்கள் இருக்கின்றன. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தமிழ்நாட்டில் கிடைத்த ரோமானியக் காசுகளும், அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பங்களும், நாகப்பட்டினத்துப் பௌத்தச் செப்புத் திருமேனிகளும் உள்ளன. ஸ்ரீவிஜய அரசன் நாகையில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடையளித்த செய்தி, லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்ற ஏடுகளில் இருக்கிறது. அந்தப் பின்னணியோடு எழும்பூரின் புத்தர் திருமேனிகள் முன் நின்று பாருங்கள். கல்வெட்டு நூல்களையும் பழைய பதிப்புகளையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். அங்கே கிடைக்காதவற்றுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

கீழைக்கடலை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. அந்தப் பக்கம் போனால் உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது. தாய்லாந்தின் கிளாங் தோம் பகுதியில் கிடைத்த சிறு உரைகல்லில் 'பெரும்பதன் கல்' என்று தமிழ்-பிராமியில் இருக்கிறது. பொன்னை உரசிப் பார்க்கும் கல்லில் ஒரு பொற்கொல்லர் தன் பெயரை எழுதிக்கொண்டு கடல் கடந்திருக்கிறார். அதே நாட்டின் தக்குவாபாவில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினரின் காவலில் வைத்ததைச் சொல்கிறது. சுமத்திராவின் பாரூஸில் ஐநூற்றுவர் என்ற வணிகக் குழுவின் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு. சீனாவின் சுவான்சௌ நகரில் 1281இல் பொறித்த தமிழ்-சீனக் கல்வெட்டு, அங்கே எழுந்த சிவன் கோயிலைக் குறிக்கிறது. அந்நகரின் கையுவான் பௌத்தக் கோயிலில் இந்து சமயத் தூண்கள் இன்றும் நிற்கின்றன.

உங்கள் மாணவர்களோடு முதலில் திறந்து பார்க்க ஒரே ஒரு கல்லைச் சொல்லச் சொன்னால் காலிக் கல்வெட்டைச் சொல்வேன். 1409ஆம் ஆண்டின் நாள் குறித்து, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்து நாட்டியது; 1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள்; இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்தைப் போற்றுகிறது. மூவருக்கும் பொன், வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் என்று ஒத்த காணிக்கைகள். கல்லின் படத்தைத் திரையில் பெரிதாக்கி, தமிழ்ப் பகுதியை மாணவர்களிடம் விட்டுவிடுங்கள். சிதைந்த எழுத்துகளுக்கு இடையே தெரிந்த எழுத்து ஒவ்வொன்றாகக் கூட்டி அவர்களே வாசிக்கத் தொடங்குவார்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கே அச்சிட்ட பாடத்தைக் கொடுத்தால் போதும்.